ஓடும் நீரும் கணக்கும்

கொங்கு நாட்டின் வாழ்வு நீரையும் காற்றையும் பற்றி நிற்பது. காவிரி, பவானி, நொய்யல், அமராவதி என்னும் ஆறுகள் அந்நாட்டின் வயல்களுக்கு நீர் ஊட்டுகின்றன. நீலமலைக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று கோவையின் வெம்மையைத் தணிக்கிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. ஆறு எட்டாத மேட்டு நிலங்களில் கிணறே உழவனுக்குத் துணை. ஆகவே, நீர் எவ்வாறு ஓடும், காற்று எவ்வாறு வீசும் என்னும் வினாக்கள் அந்நாட்டு மக்களுக்குச் சோற்றோடு தொடர்புடைய வினாக்களாகும்.

இவ்வினாக்களுக்குக் கணக்கின் வழியே விடை காணும் அறிவியல் துறை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. நீரும் காற்றும் போலப் பாயும் இயல்புடைய பொருள்களைப் பாய்மங்கள் என்பர். அவற்றின் ஓட்டத்தைக் கணிப்பொறியின் துணையால் கணக்கிட்டு அறியும் துறைக்குக் கணிப்பாய்மவியல் என்பது பெயர். அத்துறையை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஓர் இந்தியர். புனே நகரத்தில் பிறந்த சுகாஸ் பாட்டண்கர் என்பவரே அவர். அவருடைய வாழ்வும் ஆய்வும் இளைஞர்க்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. அரிய அறிவைக் கண்டுபிடித்தல் பெருந்தொண்டு. கண்டதனை எளிமைப்படுத்தித் தொழில் செய்யும் கைகளுக்கு எட்டச் செய்தலும் அதற்கு நிகரான தொண்டே என்பதுதான் அவ்வுண்மை. இவ்வுண்மை எந்நாட்டினரைக் காட்டிலும் கொங்கு நாட்டினர்க்கு மிகவும் வேண்டுவது. அதன் காரணத்தை அந்நாட்டின் வரலாறே கூறும்.

கருவிகளும் கணக்கேடுகளும் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னரே, நீரின் போக்கை உணர்ந்து அதனை ஆண்டவர் கொங்கு நாட்டில் இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்னும் தலைவன், பவானியாறு காவிரியோடு கலக்கும் இடத்திற்கு அருகே பவானியின் குறுக்கே அணை கட்டி, நொய்யலை நோக்கி வாய்க்கால் ஒன்று வெட்டுவித்தான். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாய்க்கால் ஈரோட்டு வட்டாரத்து வயல்களுக்கு இன்றும் நீர் தருகிறது. அது நேராகச் செல்வதில்லை. வளைந்து வளைந்து செல்கிறது. பாம்பு ஒன்று ஊர்ந்து காட்டிய வழியிலே வாய்க்கால் வெட்டப்பட்டது என்று மக்கள் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும் வளைவின் பயன் தெளிவானது. மேட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்லச் சரிந்து சென்றால்தான் நீர் தன் உயரத்தை விரைவில் இழந்துவிடாமல் நெடுந்தொலைவு செல்லும். வழியில் உள்ள வயல்கள் எல்லாவற்றிற்கும் எளிதில் இறங்கும். சரிவு மிகுந்தால் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் கரை அரிபடும். காலிங்கராயன் காலத்தார் சமன்பாடு எழுதியவர் அல்லர். ஆயினும் சமன்பாடு கூறும் உண்மையை அவர்களுடைய கண்ணும் காலும் அறிந்திருந்தன.

கண்ணளவால் வரும் இத்தகைய அறிவு பெருமைக்கு உரியது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அது கற்றவனோடு வாழ்ந்து, அவன் மறையும்போது பெரும்பாலும் அவனோடு மறைந்துவிடும். கணக்காக எழுதப்பெற்ற அறிவோ எவரும் கற்கத்தக்கது. பிழையிருப்பின் பின்வருவோர் திருத்தத்தக்கது. இவ்வேறுபாடு கோவையின் தொழில் வரலாற்றிலும் புலப்படும்.

கிணற்று நீரை மேலேற்றுவதற்குக் கொங்கு உழவர் பன்னெடுங்காலம் கவலையைக் கையாண்டனர். எருதுகள் சரிவான பாதையில் இறங்கி வடத்தை இழுக்க, தோலாலான பறி நீரை முகந்துகொண்டு மேலே வரும். விடியுமுன் தொடங்கும் அவ்விறைப்பில் எருதும் மனிதனும் ஒருங்கே களைப்பர். 1932ஆம் ஆண்டில் நீலமலையின் பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்தபின் நிலை மாறியது. மலையிலிருந்து கோவைக்கு மின்சாரம் இறங்கியது. நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளை வார்க்கும் வார்ப்படச் சாலைகள் தோன்றின. 1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரமும் ஜி. டி. நாயுடுவும் மின் மோட்டாரை இந்நாட்டிலேயே உருவாக்கிக் காட்டினர். கவலை மெல்ல மறைந்தது; மோட்டாரும் பம்பும் கிணற்று மேட்டில் அமர்ந்தன. இன்று பம்புத் தொழிலில் இந்தியாவின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாகக் கோவை விளங்குகிறது.

பம்பின் உயிர் அதனுள்ளே சுழலும் சக்கரத்தில் உள்ளது. அச்சக்கரத்தை இம்பெல்லர் என்பர். அதில் வளைந்த இதழ்கள் பல அமைந்திருக்கும். நடுவிலே புகும் நீரை அவ்விதழ்கள் சுழற்றிப் புறத்தே வீசுகின்றன. வீசப்பட்ட நீரின் வேகம், சக்கரத்தைச் சூழ்ந்துள்ள நத்தைக்கூடு போன்ற உறையில் அழுத்தமாக மாறுகிறது. அவ்வழுத்தமே நீரை மேலேற்றுகிறது. இதழின் வளைவு சிறிது பொருந்தாமற் போனாலும் நீர் இதழோடு ஒட்டிச் செல்லாது, விலகிச் சுழிக்கும். சுழியிற்பட்ட ஆற்றல் நீரை உயர்த்தாமல் வீணே வெப்பமாகிவிடும். புகுவாயில் அழுத்தம் அளவு மீறிக் குறைந்தாலோ, நீரே ஆங்காங்கு ஆவிக் குமிழிகளாக மாறும். அக்குமிழிகள் அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் நொறுங்கும். நொறுங்கும் குமிழியின் அடி இரும்பையும் நாளடைவில் குழிபடுத்தும். மென்மைக்கு உவமை கூறப்படும் நீர்க்குமிழி இரும்பைத் தின்பது வியப்பன்றோ!

தொழிலாளர் இவற்றையெல்லாம் செய்து பார்த்தே அறிந்தனர். மரத்தில் மாதிரி செதுக்கி, மணலில் அச்செடுத்து, உருக்கிய இரும்பை வார்த்து, கடைந்து, பொருத்தி, ஓட்டிப் பார்ப்பர். நீர் குறைவாக வந்தால் இதழின் வளைவை மாற்றி மீண்டும் மாதிரி செதுக்குவர். ஒவ்வொரு மாற்றத்திற்கும் நாளும் பொருளும் செலவாயின. பம்பு எவ்வளவு நீர் தருகிறது என்பதை வெளியே அளக்கலாம்; உள்ளே எவ்விடத்தில் நீர் சுழிக்கிறது, எவ்விடத்தில் குமிழி பிறக்கிறது என்பதை இரும்புறை மறைத்துவிடும். மறைந்த அவ்வுள்ளிடத்தைக் கணக்கின் கண்ணால் காணச் செய்வதே கணிப்பாய்மவியலின் பயன்.

அங்ஙனமாயின் அக்கணக்கை முன்னரே போட்டுப் பார்த்திருக்கலாகாதா எனின், அஃது எளிய செயல் அன்று. பாய்மங்களின் ஓட்டத்தை ஆளும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. பிரெஞ்சுப் பொறியாளர் நேவியர் 1822ஆம் ஆண்டிலும், அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் 1845ஆம் ஆண்டிலும் அவற்றை அமைத்தனர். ஆயினும் சமன்பாட்டை எழுதுதல் வேறு. அதற்கு விடை காணுதல் வேறு. நேரான குழாயில் மெல்ல ஓடும் நீர் போன்ற சில எளிய நிலைகளுக்கே தாளில் எழுதித் தீர்வு காண முடிந்தது. அச்சமன்பாடுகளுக்கு எக்காலும் ஒழுங்கான விடை உண்டு என்றோ, இல்லை என்றோ மெய்ப்பிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசளிப்பதாக அமெரிக்காவிலுள்ள கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. வாய்க்காலில் நாள்தோறும் ஓடும் நீருக்குள் கணித மேதைகளையும் திகைக்க வைக்கும் புதிர் ஒன்று மறைந்திருப்பதை இதனால் உணரலாம்.

முழுமையான விடை கிட்டாவிடினும், அண்ணளவான விடையை எண்களால் பெறலாம் என்று துணிந்தவர்களுள் ஒருவர் லூயி ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் ஐரோப்பாவின் வானவெளியைக் கட்டங்களாகப் பிரித்தார். 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாளுக்கு உரிய குறிப்புகளைக் கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஊர்திப் பணியில் இருந்துகொண்டே இக்கணக்கைச் செய்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வந்த விடை 145 மில்லிபார்! அத்தகைய மாற்றம் ஆறு மணி நேரத்தில் நிகழக் கூடுவதே அன்று. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. ரிச்சர்ட்சன் தம் கணக்கை மறைக்கவில்லை. 1922ஆம் ஆண்டில் அதனை நூலிலேயே வெளியிட்டார். உலகின் வானிலையை உடனுக்குடன் கணக்கிட வேண்டுமாயின் 64,000 பேர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து கணக்குப் போட வேண்டும் என்றும் அந்நூலில் கற்பனை செய்து காட்டினார். அவர் எண்ணிய மண்டபம் எழவில்லை. ஆனால் அத்துணைப் பேரின் உழைப்பையும் தானே ஏற்றுக்கொள்ளும் கணிப்பொறி பின்னாளில் வந்தது. கருவி வந்தபின், அதற்கு இடவேண்டிய கட்டளை எது என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிற்குச் சிறந்த விடை அளித்தவர்களுள் ஒருவர் பாட்டண்கர்.

சுகாஸ் பாட்டண்கர் 1941ஆம் ஆண்டில் பிறந்தவர். புனே பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்று, பம்பாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்பை முடித்தார். பின்னர் இலண்டன் சென்று, இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராக அமர்ந்தார். 1967ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் எய்தினார். சில காலம் கான்பூரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராக இருந்து, மீண்டும் இலண்டன் சென்று தம் ஆசிரியரோடு ஆய்வைத் தொடர்ந்தார். இருவரும் சேர்ந்து 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அத்துறையில் ஒரு திருப்பமாயிற்று. அதன்பின் பாட்டண்கர் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கினார்.

அவர்கள் கண்ட முறையைத் தோட்டத்துப் பாத்திகளைக் கொண்டே விளக்கலாம். காய்கறித் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் உழவன் நிலத்தைப் பாத்திகளாகப் பிரிக்கிறான். ஒரு மடையில் புகுந்த நீர் பாத்தியில் தங்க வேண்டும்; அன்றேல் வேறு மடை வழியே வெளியேற வேண்டும். இடையிலே காணாமற் போக இயலாது. அதுபோலவே பம்பின் உட்புறத்தையோ காற்று வீசும் வெளியையோ அறிவியலார் ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான சிற்றறைகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வோர் அறைக்கும் வரவு செலவு எழுதுகின்றனர். நீருக்கு ஒரு கணக்கு. ஓடும் நீர் சுமந்து செல்லும் உந்தத்திற்கு ஒரு கணக்கு. வெப்பம் இருப்பின் அதற்கும் ஒரு கணக்கு. ஓர் அறையின் செலவு அடுத்த அறையின் வரவாகும். எல்லா அறைகளின் கணக்கும் ஒருங்கே நேர்பட்டால் ஓட்டம் முழுவதும் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. நீரைத் தள்ளுவது அழுத்தம். அழுத்தம் தெரிந்தால் வேகத்தைக் கணக்கிடலாம். ஆனால் நீர் போன்ற பாய்மங்களில் அழுத்தத்திற்கென்று தனிச் சமன்பாடு இல்லை. எந்த அழுத்தம் இருந்தால் அறைகளின் நீர்க்கணக்கு நேர்படுமோ அதுவே உண்மையான அழுத்தம். ஆகவே வேகத்தை அறிய அழுத்தம் வேண்டும்; அழுத்தத்தை அறிய வேகம் வேண்டும். திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன் நிலை இது.

பாட்டண்கரும் ஸ்பால்டிங்கும் இப்பூட்டைத் திறந்த வழி பின்வருமாறு: முதலில் அழுத்தத்தை உத்தேசமாகக் கொள்ள வேண்டும். அதனைக் கொண்டு வேகத்தைக் காண வேண்டும். உத்தேசம் பிழையாதலின் சில அறைகளில் வரவு மிகும். சில அறைகளில் செலவு மிகும். வரவு மிகுந்த அறையில் அழுத்தத்தைக் கூட்டினால், அது மிகுதி நீரைப் புறத்தே தள்ளும். செலவு மிகுந்த அறையில் அழுத்தத்தைக் குறைத்தால், அண்டை அறைகளிலிருந்து நீர் அங்கே வரும். இவ்வாறு திருத்திய அழுத்தத்தைக் கொண்டு மீண்டும் வேகத்தைக் காண வேண்டும். மீண்டும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பிழை மிகச் சிறிதாகும் வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சலியாமல் திரும்பச் செய்வது கணிப்பொறிக்கு இயல்பன்றோ? இம்முறையின் நீண்ட ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைக் கூட்டினால் 'சிம்பிள்' என்று வரும். எளிது என்பது அதன் பொருள். பெயர் முறைக்கு முற்றும் பொருந்தியது.

பிழையை ஒப்புக்கொண்டு, அப்பிழையையே அளவுகோலாக வைத்துத் திருத்திக்கொண்டு செல்வது இம்முறையின் உள்ளீடு. முதல் உத்தேசம் தவறாக இருப்பது இழுக்கன்று. தவறு எங்கே, எவ்வளவு என்று பாராதிருப்பதே இழுக்கு. கணக்கில் மட்டுமின்றிக் கல்வியிலும் இஃது உண்மை.

பாட்டண்கரின் பெருமை 1972ஆம் ஆண்டுக் கட்டுரையோடு முடிந்துவிடவில்லை. 1980ஆம் ஆண்டில் வெப்பப் பரிமாற்றத்தையும் பாய்ம ஓட்டத்தையும் எண்முறையில் கணக்கிடுவது பற்றி அவர் நூல் ஒன்று வெளியிட்டார். அது 200 பக்கங்களுக்கும் குறைவானது. அத்துறையைப் பற்றிய நூல்கள் பல, கற்பவனை அச்சுறுத்தும் குறியீட்டுக் காடுகளாக இருப்பதுண்டு. பாட்டண்கர் நூலோ பொருளின் இயல்பைக் காட்டிக் கணக்கை விளக்கிற்று. சான்றாக அந்நூல் கூறும் விதி ஒன்றன் கருத்தைக் காணலாம். ஏனையவை மாறாதிருக்க, ஓர் அறையை அடுத்த அறை முன்னிலும் சூடேறினால், இவ்வறையும் சூடேற வேண்டுமேயன்றிக் குளிரக் கூடாது. குளிர்வதாகக் கணக்குக் காட்டினால், எவ்வளவு நுட்பமான கணக்காயினும் அதனைத் தள்ளிவிட வேண்டும். அடுப்பருகே கை நீட்டிய குழந்தையும் அறியும் உண்மை இது. இத்தகைய உண்மைகளை அடிப்படை விதிகளாக வைத்து ஒரு பெருந்துறையைக் கட்டியதனால்தான், நாடுதோறும் பொறியியல் மாணவர்கள் அந்நூலின் வழியே அத்துறைக்குள் புகுந்தனர். அவர் கண்ட முறை பலவகை வளர்ச்சி பெற்று, இன்றைய கணிப்பாய்மவியல் மென்பொருள்கள் பலவற்றுள் இடம்பெற்றுள்ளது. 1987ஆம் ஆண்டில் அவர் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி, கணிப்பொறிகள் நிறைந்த பெருங்கூடங்களில் குளிர்காற்று எவ்வாறு செல்லும் என்று கணக்கிடும் மென்பொருளையும் உருவாக்கினார். ஆய்வறையில் பிறந்த அறிவு தொழிற்கூடத்தை அடைவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இத்துறையில் வேறு இந்தியரும் தமிழரும் தொண்டாற்றியுள்ளனர். பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் ரொத்தம் நரசிம்மாவின் தலைமையில் இயங்கிய காலத்தில், 1986ஆம் ஆண்டில், பாய்மக் கணக்குகளுக்கென்றே 'புளோசால்வர்' என்னும் கணிப்பொறி அமைக்கப்பட்டது. ஒரு பெரும்பொறி செய்யும் வேலையைச் சிறு பொறிகள் பல பங்கிட்டுச் செய்யும் அமைப்பு அது. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பெருமாள் நித்தியரசு, வேல்சு நாட்டுச் சுவான்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, மனித உடலின் குருதியோட்டத்தை இக்கணக்கால் ஆராய்ந்துள்ளார். குழாயில் ஓடும் நீருக்கும் நாளத்தில் ஓடும் குருதிக்கும் அடிப்படைச் சமன்பாடுகள் ஒரே குடும்பத்தவை. கிணற்றுப் பம்பைப் பற்றிக் கற்றவன் இதயத்தைப் பற்றியும் கற்கத் தகுதி பெறுகிறான் என்பது இத்துறையின் தனிச்சிறப்பு.

இனி, கோவையின் நிலைக்குத் திரும்பலாம். பெரிய பம்புத் தொழிற்சாலைகளில் இன்று இம்பெல்லரின் வடிவத்தை முதலில் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கின்றனர். மாதிரி செதுக்குமுன்னரே பல வடிவங்களை ஒப்பிட்டு, நல்லதைத் தேர்ந்துகொள்கின்றனர். ஆனால் சிறு பட்டறைகள் பலவற்றிற்கு இவ்வறிவு இன்னும் எட்டவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் இருக்கிறது, கணக்கு இல்லை. இவ்விடத்தில் இரு சாரார் இருவேறு கருத்துரைப்பர்.

அனுபவமே போதும் என்பர் ஒரு சாரார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியையும் அவர் துணைக்கு அழைப்பர். அனுபவம் அருமையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனுபவம் என்பது நேற்றைய கிணற்றைப் பற்றிய அறிவு. அகன்ற கிணற்றின் மேட்டில் அமர்ந்திருந்த பம்பு இன்று ஆழ்துளைக் கிணற்றுள் இறங்கிவிட்டது. ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுள்ள துளையில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், சிறிய இம்பெல்லர்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சுழல்கின்றன. ஓர் அடுக்கில் நேரும் சிறு குறை எல்லா அடுக்குகளிலும் பெருகுகிறது. நிலை மாறும்போது பழைய பழக்கம் வழி காட்டாது. நிலை மாறினும் மாறாத இயற்கை விதியே வழி காட்டும். அவ்விதியைக் கையாளும் வழி கணக்கு.

கணிப்பொறியே போதும் என்பர் மற்றொரு சாரார். திரையிலே தோன்றும் வண்ணப்படங்கள் அவர்களை மயக்கிவிடுகின்றன. பிழையான கணக்கும் அழகிய படமாகத் தோன்றும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வேகமாக ஓடும் நீரில் எழும் கொந்தளிப்பை ஒவ்வொரு நுண்சுழியாகக் கணக்கிடுவது நாள்தோறும் செய்யத்தக்க வேலையன்று. ஆதலின் அண்ணளவான விதிகளையே கையாளுகின்றனர். அவ்விதிகள் ஓரிடத்தில் பொருந்தும், ஓரிடத்தில் பொருந்தா. ரிச்சர்ட்சன் தம் விடையை உண்மையான வானத்தோடு ஒப்பிட்டதனாலன்றோ பிழையை அறிந்தார்! கணக்கிட்ட பம்பையும் நீரில் ஓட்டி அளந்தே தீர வேண்டும். பம்புகளைச் சோதித்து அளக்கும் நிலையமும் கோவையில் உண்டு. கணக்கு முன்னே செல்ல, சோதனை பின்னே நின்று சான்று கூற வேண்டும். தட்டாரின் கைத்திறனும் உரைகல்லும் போல இரண்டும் ஒன்றற்கொன்று துணை.

இவ்விரண்டும் சேராமையால் வரும் இழப்பு சிறிதன்று. தமிழ்நாட்டில் வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆதலின் குறையுள்ள பம்பு விழுங்கும் மின்சாரம் உழவன் கணக்கில் ஏறுவதில்லை. நாட்டின் கணக்கில் ஏறுகிறது. ஒரு பம்பின் வீண்செலவு சிறியது. இலட்சக்கணக்கான பம்புகளின் வீண்செலவு ஓர் ஊரின் விளக்குகளை எரிக்கப் போதுமானது. மற்றொன்றும் எண்ணத்தக்கது. நல்ல பம்பு எளிதில் நீரை ஏற்றும். எளிதில் ஏறும் நீரை மனிதன் மிகுதியாக இறைப்பான். மழை தருவதற்கு மேல் இறைத்தால் நிலத்தடி நீர் தாழும். கவலை இறைத்த காலத்தில் எருதின் களைப்பே அளவு வைத்தது. இன்று அவ்வளவை மனிதனின் அறிவே வைக்க வேண்டும். பம்பினுள் ஓடும் நீருக்கு வரவு செலவு எழுதக் கற்றவர், நிலத்தினுள் இருக்கும் நீருக்கும் வரவு செலவு எழுதக் கற்பாராக.

இவ்வறிவைப் பரப்புவதற்கு உரிய வாய்ப்புகள் கோவையில் இல்லாமல் இல்லை. அங்கே 1945ஆம் ஆண்டில் அரசினர் பொறியியற் கல்லூரி தோன்றியது. 1951ஆம் ஆண்டில் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. பின்னையதற்கு ஒரு சிறப்பு உண்டு. 1926ஆம் ஆண்டிலேயே தொடங்கிய தொழிற்பள்ளியோடும் பட்டறையோடும் சேர்ந்து வளர்ந்த கல்லூரி அது. வகுப்பறைக்கு அருகிலேயே வார்ப்படம் நடக்கும் இடம் மாணவனுக்குப் பெரும்பேறு. ஆனால் கல்லூரியில் கற்றவன் பட்டறைக்குச் செல்வதும், பட்டறையில் கற்றவன் கல்லூரிக்கு வருவதும் பெருக வேண்டும். முன்னவன் கையில் கரி படாமலும், பின்னவன் கையில் ஏடு படாமலும் இருந்தால் இருவர்க்கும் இழப்பு.

இவ்விருவரையும் இணைக்கும் பாலம் மொழி. மாதிரி செதுக்கும் தச்சனும், மணலில் அச்செடுக்கும் தொழிலாளியும், கடைசல் பிடிப்பவனும் தமிழிலேயே எண்ணுகின்றனர், தமிழிலேயே பேசுகின்றனர். அவர்கள் செய்யும் பொருளின் அறிவியல் மட்டும் அவர்களுக்கு விளங்காத மொழியில் இருத்தல் முறையாகுமா? மடை, பாத்தி, சுழி, வரவு, செலவு என்னும் சொற்களைக் கொண்டே இத்துறையின் அடிப்படையை விளக்க முடியும். பாட்டண்கர் ஆங்கிலத்தில் செய்த தொண்டைத் தமிழில் செய்வதற்கு அறிஞர் முன்வர வேண்டும். அருமையான பொருளை அருமையான நடையில் எழுதுவது எவர்க்கும் இயலும். அதனை எளிய நடையில் எழுதுவதற்கு அப்பொருளை அடிவரை கண்டிருக்க வேண்டும். கடினமாக எழுதுவதே புலமை என்று எண்ணுவோர், உலகப் பொறியாளர் பலரைப் பயிற்றுவித்த நூல் 200 பக்கங்களிலும் குறைந்தது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

இன்று பள்ளியில் பயிலும் கொங்கு நாட்டு மாணவர் பலருடைய வீட்டில் கிணறு இருக்கும். சிலருடைய வீட்டில் பட்டறையும் இருக்கும். பம்பு ஓடும்போது எழும் ஒலியை அவர்கள் நாள்தோறும் கேட்கின்றனர். அவ்வொலியில் நீர் எங்கே தடைப்படுகிறது, இரும்பு எங்கே அரிபடுகிறது, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஆராயும் ஆவல் அவர்களுக்குப் பிறக்க வேண்டும். கணக்குப் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. தந்தையின் தோட்டத்திற்கும் தமையனின் பட்டறைக்கும் உரியது. அதனை நன்கு கற்று, கற்றதனைக் கல்லாதார்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்கும் இளைஞரே அந்நாட்டிற்கு இன்று மிகவும் வேண்டப்படுகின்றனர்.